நாத்தனார் வாங்கிய துப்பாக்கி

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதப் போகிறேன். படிக்கிறவர்கள் பதற வேண்டாம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, யாரும் பின்னால் நின்று மிரட்டவும் இல்லை. நாத்தனார் என்றால் தேள் கொடுக்கு, எட்டியே நில் என்று சொல்லித்தான் சந்தவாசலில் என் பெரியம்மா என்னை வண்டி ஏற்றினாள். எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகி ஆலங்காயத்துக்கு வந்தபோது நானும் அதை நம்பிக்கொண்டுதான் வந்தேன். வந்த வாரத்திலேயே பெரியம்மா சொன்னது பொய் என்று தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் பெரியம்மா சொன்ன எதையும் நான் நம்பவில்லை.

என் கணவருக்கு அக்கா அவர். எனக்கு அண்ணி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் தாலிச் சரடோடு விசில் கயிறும் தொங்கும். சுங்கடிப் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் கட்டி, காலில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு பஜாரில் நடப்பார். புடவைக்கு ஷூ போடும் பொம்பளையை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. அவர் வீட்டுக்காரருக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் புளி மண்டி. மலையிலிருந்து வருகிற புளியை வாங்கி, கொட்டை எடுத்து, வாணியம்பாடிக்கு அனுப்புவார். என் கணவருக்கும் அங்கேதான் வேலை. அண்ணியின் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். எங்கள் இரண்டு வீடும் எதிரும் புதிரும்.

அந்த முதல் வாரம் முழுக்க அண்ணி தினமும் எதிர்வீட்டிலிருந்து வந்து என் குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். தேள் கொட்டப் போகிறது என்று காத்திருந்தேன். வார முடிவில் வந்து எதிரே குந்தினார்.

"தெனமும் உப்பு தூக்கலா போட்ற பொண்ணு. தெனமும் ஒரே தூக்கல். ரொம்ப நல்லது."

"கிண்டல் பண்றீங்களா அண்ணி?"

"கிண்டல் இன்னாத்துக்கு? ஒரு நாளு கரிப்பு, ஒரு நாளு சப்புனு இருந்தா உன்ன ஒண்ணியும் பண்ண முடியாது. நீ மாறாம ஒரே மாதிரி அதிகமா போட்ற. கைய கொஞ்சம் கொறச்சிக்கோ. முடிஞ்சி போச்சி."

குறைத்துக்கொண்டேன். முடிந்துதான் போயிற்று. அன்றிலிருந்து என் குழம்பை யாரும் குறை சொன்னதில்லை.

இதுதான் அண்ணி. தப்பு செய்கிறவர்களைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது. ஒரே தப்பைச் செய்கிறார்களா, நாளுக்கு ஒரு தப்பா என்பதுதான் கேள்வி. பஜாரில் அப்போது இரண்டு தையல்காரர்கள். ஒருவர் மகா கெட்டிக்காரர். அவர் தைத்த ரவிக்கை சில நாள் சினிமா நட்சத்திரத்துக்குத் தைத்த மாதிரி இருக்கும், சில நாள் புளி மூட்டைக்குத் தைத்த மாதிரி இருக்கும். இன்னொருவர் யாருக்குத் தைத்தாலும் ஒரு விரற்கடை தொளதொளவென்றுதான் தைப்பார். ஊரே கெட்டிக்காரரிடம் போகும். அண்ணி தொளதொளக்காரரிடம் போய், அளவை ஒரு விரற்கடை குறைத்துச் சொல்லித் தைத்துக்கொள்வார். எல்லாம் கச்சிதமாக இருக்கும். காவலூர் பஸ் என்றைக்கும் அரை மணி தாமதம். "அந்த மாதிரி நேர்மையான பஸ்ஸு இந்த ஜில்லாவுலயே கெடையாது" என்பார்.

கட்டிய புருஷனையும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தாராம். என் கணவர் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை இது. பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு அண்ணி ஒரே கேள்வியை வேறு வேறு ஆள் மூலமாக, வேறு வேறு நாளில் மாப்பிள்ளையிடம் கேட்டு அனுப்பினாராம். கல்யாணத்துக்கப்புறமும் பொண்ணு வேலைக்குப் போகும், சம்மதமா? ஒவ்வொரு முறையும், "எங்கம்மாவ கேட்டு சொல்றேங்க" என்றே பதில் வந்ததாம். சரியான தொடைநடுங்கி, வேண்டாம் இந்தச் சம்பந்தம் என்று வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அண்ணி மட்டும், "தப்பான பதிலுதான். ஆனா மாறவே இல்ல பாருங்க. அவங்கம்மாவ சரி பண்ணா போதும்" என்று சொல்லி, நேராக அந்த அம்மாவையே போய்ப் பார்த்துப் பேசி முடித்துவிட்டு வந்தாராம். கேட்டபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் அண்ணன் மாதிரி மனுஷனை நான் அதற்கப்புறமும் பார்க்கவில்லை.

இந்தப் புத்தியெல்லாம் அவருக்குத் துப்பாக்கியிலிருந்து வந்தது.

காலேஜில் படிக்கும்போது என்.சி.சி.யில் பாயின்ட் டூ டூ ரைபிள் சுடக் கற்றுக்கொண்டார். சின்னத் தோட்டா போடுகிற துப்பாக்கி. வேட்டைக்கு அல்ல, காகிதத்தில் வட்டம் போட்டுக் குறி பார்ப்பதற்கு. கல்யாணத்துக்குப் பிறகும் விடாமல் வேலூரில் இருந்த துப்பாக்கிச் சங்கம் ஒன்றில் சேர்ந்து, லீவு நாளில் பஸ் ஏறிப் போய்ச் சுட்டுவிட்டு வருவார். "அஞ்சு குண்டும் ஒரே எடத்துல வுழணும் பொண்ணு. நடுவுல வுழணும்னு இல்ல. ஒரே எடத்துல வுழுந்தா போதும், குறி பாக்குற ஓட்டைய திருகாணில திருப்பி நடுவுக்கு இஸ்த்துகினு வந்துடலாம். அங்க ஒண்ணு இங்க ஒண்ணு வுழுந்தா பிரம்மாவே வந்தாலும் அத்த சரி பண்ண முடியாது."

அண்ணிக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. நூறு கஜ தூரத்துப் போட்டிக்கு ஜில்லாவிலிருந்து நாலு பேரை மெட்ராசுக்கு அனுப்புவார்கள். அந்த நாலு பேரில் ஒருத்தியாகப் போக வேண்டும். சங்கத்துப் பொதுத் துப்பாக்கி ஆயிரம் கைபட்டுத் தேய்ந்தது. ஐம்பது கஜத்தில் ஒழுங்காக இருக்கும், நூறு கஜத்தில் அதற்குத் தோன்றின இடத்துக்குக் குண்டு போகும். அதை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் முயன்று இரண்டு வருஷமும் தேறவில்லை. "நாப்பது வயசு ஆவப் போவுது. இந்தக் கண்ணு இன்னும் எத்தினி நாளு ஒத்துழைக்கும்?" என்று ஒரு நாள் சொன்னார். அவர் வருத்தமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

சொந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்டு அலையாய் அலைந்து ஒரு வழியாக வாங்கினார். அதிலும் ஒரு கெடு வைத்திருந்தார்கள். குறித்த தேதிக்குள் துப்பாக்கியை வாங்கிக் காட்டாவிட்டால் லைசென்ஸ் போயிற்று. கையில் இருந்தது சீட்டு எடுத்த பணம் மட்டும். அதில் ஒரே ஒரு துப்பாக்கிதான் வரும், அதுவும் விலை குறைந்ததாக. தப்பான துப்பாக்கியை வாங்கிவிட்டால் அவ்வளவுதான், அந்த ஜென்மத்தில் மெட்ராஸ் கிடையாது.

விற்கிறவர்கள் எல்லோரையும் துப்பாக்கியோடு ஆலங்காயத்துக்கே வரச்சொன்னார். காவலூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, மலையடியில் உயரமான மண்மேடு ஒன்று இருந்தது. அதற்கு முன்னால் காகிதத்தை நட்டு வைப்பது. நூறு கஜத்துக்கு இந்தப் பக்கம் கோரைப்பாயை விரித்து அண்ணி குப்புறப் படுத்துக்கொள்வார். துப்பாக்கியைத் தாங்குவதற்கு அண்ணன் ஒரு சின்னக் கோணிப்பையில் புளியங்கொட்டையை ரொப்பித் தைத்துக் கொடுத்திருந்தார். மணல் மூட்டையைவிட அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. டீச்சர் பாயில் படுத்துச் சுடுவதைப் பார்க்க ஊரில் பாதி வந்தது. நானும் சுண்டல் கட்டிக்கொண்டு போனேன்.

முதலில் ஆரணிப் பக்கத்துப் பெரிய வீட்டுத் துப்பாக்கி, அவர்கள் வீட்டுக் காரியஸ்தரோடு காரில் வந்தது. சீமையில் செய்தது. கட்டையில் கொடியும் பூவும் செதுக்கியிருந்தார்கள், மேலே தூரத்துக் கண்ணாடி வேறு. அண்ணன் அதைத் தடவித் தடவிப் பார்த்து, "இன்னா பளபளப்பு!" என்றார். அண்ணி சுட்டார். மூன்று குண்டு சேர்ந்து விழுந்தது, இரண்டு தனியே போயிற்று. தோட்டாவை மாற்றிச் சுட்டார். இந்த முறை இரண்டு சேர்ந்தது, மூன்று பிரிந்தது.

"தோட்டா பழசுங்க டீச்சர்" என்றார் காரியஸ்தர்.

"தோட்டா பெட்டி இப்பதாங்க பிரிச்சேன். துப்பாக்கி பாக்க லட்சணமா கீது. செவுத்துல மாட்டுங்க" என்றார் அண்ணி.

அடுத்து வாணியம்பாடியிலிருந்து ரிட்டையரான ரயில்வே கார்டு ஒருவர் தன் பழைய துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தார். கட்டை பிளந்து செப்புக் கம்பியால் சுற்றியிருந்தது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இதுதான் குறி தப்பாமல் அடிக்கப் போகிறது என்று. சினிமாவில் அப்படித்தானே வரும்? கிழிந்த சட்டைக்காரன்தான் கடைசியில் ஜெயிப்பான். பக்கத்திலிருந்த என் கணவரிடம் வெற்றிலைப் பந்தயம்கூடக் கட்டினேன். அண்ணி சுட்டார். குண்டுகள் காகிதத்தின் நாலு மூலைக்கும் போயின. ஒன்று காகிதத்துக்கே வரவில்லை.

கார்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அது என்னிக்குமே இப்பிடித்தாம்மா. எனக்குத்தான் சுடத் தெரியலன்னு இத்தினி வருஷமா நெனச்சிகினு இருந்தேன். மனசு நிம்மதியாச்சி." அவரை வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காப்பி கொடுத்து அனுப்பினோம்.

மண்டிக்குப் புளி கொண்டுவரும் மலைக்காரர் ஒருவரும் பாறைமேல் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் காட்டுப்பன்றியை விரட்டுகிற நாட்டுத் துப்பாக்கி உண்டு. தோட்டாவைக் கையில் வாங்கிப் பார்த்து, "இம்மாத்தூண்டு குண்டா டீச்சரம்மா? எங்குளுது ஒரு தபா வெடிச்சா பன்னி மலைய வுட்டே ஓடிடும்" என்றார்.

"பன்னி மேல படுமா?"

"பட்டா இன்னா, படாட்டி இன்னா? சத்தம் போதும்."

"எனக்கு எதிர்ல நிக்கிறது காயிதமாச்சே. சத்தத்துக்கு ஓடாதே" என்றார் அண்ணி. மலைக்காரர் அதை ரசித்து, திரும்பிப் போகும்போதும் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார்.

கெடுவுக்குக் கொஞ்ச நாள்தான் பாக்கி. கடைசியாக வேலூர்க் கடைக்காரர் புதுத் துப்பாக்கி இரண்டு கொண்டுவந்தார். நம் நாட்டிலேயே செய்தவை. பள்ளிக்கூட பெஞ்சுப் பலகை மாதிரிக் கட்டை, ஒரு அலங்காரமும் கிடையாது. இரண்டும் அச்சாக ஒரே மாதிரி. முதலாவது சுமாராகச் சுட்டது. இரண்டாவதை எடுத்துச் சுட்டார். காகிதத்தைப் போய்ப் பார்த்த அண்ணன் முகம் சுண்டித் திரும்பி வந்தார். குறிக்கு ஒரு சாண் கீழே, வலது பக்கமாக ஒதுங்கியிருந்தது எல்லாம்.

"ரொம்பத் தள்ளிப் போவுதுங்களே. கடையில வேற பீஸு கீது, கொண்டாரட்டுமா?" என்றார் கடைக்காரர்.

அண்ணி காகிதத்தைக் கையில் வாங்கி, ஒரு ரூபாய் நாணயத்தை அந்த ஓட்டைகள் மேல் வைத்தார். அஞ்சும் அதற்குள் மறைந்துபோயின. வேறு பெட்டித் தோட்டாக்களையும் போட்டுப் பார்த்தார். இருப்பதிலேயே விலை குறைந்த தோட்டாதான் அதற்குப் பிடித்திருந்தது. கழுத்திலிருந்த விசில் கயிற்றைக் கழற்றி அந்தத் துப்பாக்கியில் இறுக்கிக் கட்டினார். "இதையே குடுங்க. கயிறு கட்டினது. மாத்திடாதீங்க."

"தப்பா சுடுதே" என்றார் அண்ணன் மெதுவாக.

"தப்பா சுடலீங்க. தள்ளி சுடுது" என்று சொல்லி அண்ணி திருகாணியைத் திருப்ப ஆரம்பித்தார். சாயங்காலத்துக்குள் குண்டெல்லாம் கறுப்பு வட்டத்துக்குள் வந்துவிட்டது. சின்னப் பெண் மாதிரிப் பாயிலேயே உருண்டு சிரித்தார்.

மெட்ராசுக்குப் போகிற நாலு பேரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி வேலூரில், விஜயதசமியன்று காலையில். அதற்கு முதல் நாள் ஆயுத பூஜை. அண்ணன் எதைக் கண்டாலும் புளி போட்டுத் தேய்ப்பார் என்று சொல்ல வேண்டும். தராசுத் தட்டு, எடைக்கல், சைக்கிள் மணி, கடிகாரத்தின் பித்தளை விளிம்பு, எல்லாவற்றுக்கும் புளிதான். தன் சரக்கின்மேல் அவருக்கு அவ்வளவு பெருமை. அன்றைக்கு மண்டியில் எல்லாம் தங்கமாக மின்னியது. அண்ணி துப்பாக்கியைக் கொண்டுவந்து தராசுப் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு, பந்துகளுக்கும் வளையங்களுக்கும் பொட்டு வைக்கப் பள்ளிக்கூடம் போயிருந்தார்.

நான் பொரி கடலைத் தட்டோடு மண்டிக்குள் நுழைந்தபோது வேலை முடிந்திருந்தது. தராசுக்குப் பக்கத்தில் எவர்சில்வர் குழாய் மாதிரி ஏதோ பளீரென்று கிடந்தது, சந்தனமும் குங்குமமும் இட்டு.

"எப்பிடி கீது? எல்லாம் மின்னுது, அவ துப்பாக்கி மட்டும் காக்கா மாதிரி கறுப்பா கெடந்துது. எனக்குப் பொறுக்கல. பழம்புளி போட்டேன், போவவே மாட்டேன்னுச்சி. வுடலியே" என்றார் அண்ணன்.

துரு ஏறாமல் இருக்கக் கம்பெனியிலேயே ஏற்றி அனுப்புகிற கறுப்பு அது. எனக்கும் அப்போது தெரியாதுதான். ஆனால் அண்ணி வாசலில் வந்து நின்ற நிலையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவர் நிறத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"கட்டைய தனியா கழட்டினீங்களா?"

"கழட்டாம எப்பிடி அடியில தேய்க்கிறது?"

அண்ணி அப்படியே புளி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். கட்டையும் இரும்பும் ஒரு இறுக்கத்தில் பொருந்தியிருந்ததாம். பிரித்துப் பூட்டினால் குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. இடம் மாறிப் போனால் தொலைகிறது, சிதற ஆரம்பித்துவிட்டால் எல்லாம் போயிற்று. சுட்டுப் பார்க்கப் பொழுதும் இல்லை. ஒரு வார்த்தை திட்டாமல் எண்ணெய் போட்டுத் துடைத்து, கட்டையின் திருகாணிகளைத் தானே முடுக்கி, பையில் போட்டுக் கட்டினார். அண்ணன் பூஜைப் பிரசாதத்தைக்கூடத் தொடவில்லை.

மறுநாள் துணைக்கு நான் போனேன். பஸ்ஸில் கண்டக்டர், "அது இன்னாம்மா பையி, வீணையா?" என்றார். "துப்பாக்கி" என்றார் அண்ணி. வேலூர் வரைக்கும் எங்கள் சீட்டில் மூன்றாவது ஆள் உட்காரவில்லை.

போட்டி மைதானத்தில் வந்திருந்தவர்கள் எல்லாம் ஆம்பளைகள். பையைப் பிரித்ததும், பொட்டு வைத்த வெள்ளைத் துப்பாக்கியைப் பார்த்து ஒருவர், "இன்னா டீச்சர், முகூர்த்தம் எத்தினி மணிக்கு?" என்றார். மைதானமே சிரித்தது. அண்ணியும் சிரித்தார், ஆனால் உதடு மட்டும்தான் சிரித்தது. பாயில் படுத்துக் குறி பார்த்தவர் உடனே எழுந்துவிட்டார். வெயில் பட்டுக் குழாயும் முனையில் இருக்கும் குறிமுள்ளும் கண்ணைக் கூச வைக்கின்றன, ஒன்றும் தெரியவில்லை.

"மை டப்பா வச்சிருக்கியா?" என்றார் என்னிடம்.

விஜயதசமியன்று மை இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்புவேனா? எடுத்துக் கொடுத்தேன். விரலால் வழித்து முள்ளுக்கும் குழாய் முதுகுக்கும் கண்மை தீட்டினார். பிறகு படுத்து, பழகிக்கொள்ள அனுமதித்திருந்த அஞ்சு குண்டையும் நடுவில் நிறுத்தாமல் சுட்டார்.

தூரக் கண்ணாடியில் பார்த்துச் சொல்கிறவர் தயங்கினார். "எடது பக்கம் மேல போய்ட்டுதும்மா. வட்டத்துலயே இல்ல. ஓரத்துல கீது."

பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். வடபழனி முருகனிலிருந்து எங்கள் ஊர் மாரியாத்தாள் வரை எல்லோரையும் நான் வேண்டிக்கொண்டேன்.

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. "ஒண்ணா கீதா, பிரிஞ்சி கீதா?" என்றார்.

அவர் மறுபடி கண்ணாடியில் குனிந்தார். எவ்வளவு நேரம் குனிந்திருந்தார் தெரியுமா, ஒரு வருஷம். "ஒண்ணாத்தாம்மா கீது. ஒரு ரூபா அகலம்தான்."

அண்ணி திருகாணியைத் திருப்பினார். அந்த விரல்கள் திருப்புவதைப் பார்த்துக்கொண்டே நான் அழுதேன். என் கண்மை கரைந்து கன்னமெல்லாம் வழிந்தது. அதற்கப்புறம் போட்டிக்குச் சுட்டதெல்லாம் கறுப்பு வட்டத்துக்குள்ளேயே விழுந்தது. கூட்டிப் பார்த்தபோது அண்ணி நாலாவது. ஐந்தாவது ஆள் முகூர்த்தம் கேட்ட அதே மனிதர். அவரே முதலில் வந்து, "நல்லா சுட்டீங்கம்மா" என்று கைகூப்பினார். நல்ல மனுஷன்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் அண்ணிக்கு வாய் திறந்தது. "வூட்டுக்குப் போனதும் அந்த மனுசன இன்னா பண்றேன் பாரு. நேத்து திட்டிருந்தா இன்னிக்கி கை நடுங்கிருக்கும், அதான் அடக்கி வச்சேன்" என்று தொடங்கினார். ஆம்பூர் வரைக்கும் புளியைத் திட்டினார். வாணியம்பாடி வரைக்கும் புளி வியாபாரிகளைத் திட்டினார். அதற்கப்புறம் அண்ணனை மட்டும், தலையில் ஆரம்பித்துக் கால்வரை. எதை முதலில் சொல்ல வேண்டும், எந்த இடத்தில் நிறுத்தி முறைக்க வேண்டும் என்று என்னிடமே சொல்லிப் பார்த்துத் திருத்திக்கொண்டார். முன்சீட்டுக்காரர்கள் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள். அப்படி ஒரு அருமையான திட்டை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

ஆலங்காயத்தில் இறங்கினால், பஸ் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் அண்ணன் நின்றிருந்தார். மத்தியானத்திலிருந்து வருகிற பஸ்ஸையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாராம். முகச்சவரம் இல்லை, சட்டை கசங்கிக் கிடந்தது. அண்ணியின் ஷூவையே பார்த்தார்.

அண்ணி மூச்சை இழுத்துக்கொண்டு ஒரு அடி முன்னால் போனார். நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சாப்டீங்களா?" என்றார்.

அண்ணன் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"நாலாவது வந்துட்டேங்க" என்றார் அண்ணி. ஊர் பார்க்க அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். அண்ணனுக்கு எங்கே கையை வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. அப்புறம் இரண்டு பேரும் மண்டிப் பக்கமாக நடந்தார்கள். திட்டுவார் திட்டுவார் என்று நானும் நாள்கணக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். கடைசிவரை திட்டவே இல்லை. வேலூரிலிருந்து ஆலங்காயம் வரைக்கும் அத்தனையும் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான் ஒருத்திதான்.